நூலகத்தின் சாவி யார் கையில்?

தோழர்களே, உங்கள் வீட்டு வரி ரசீதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அந்த வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு தொகையும் வாங்கப்படுகிறது. ரூபாய்க்கு 10 பைசா. 200 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று 20 ரூபாய் கட்டுகிறார். சொந்த வீடின்றி லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆலைத் தொழிலாளி இதிலிருந்து தப்பினாரா? இல்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி அவர் வாங்கும் வாடகையிலிருந்துதானே வருகிறது!

ஆகவே, தமிழ்நாட்டின் பொது நூலகங்கள் எந்தப் பிரபுவும் போட்ட பிச்சையல்ல. நாற்று நடுகிற பெண்ணும், நூற்பு எந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நடந்து தேய்கிற தொழிலாளியும் தங்கள் கூலியிலிருந்து கட்டி வளர்த்த சொத்து அது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பணம் கொடுத்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நாம் கேட்கிறோம்: நம் பணத்தில் நடக்கும் நூலகத்தில் நமக்கு என்ன கிடைக்கிறது? நாம் போகிற நேரத்தில் அது திறந்திருக்கிறதா? உள்ளே நமக்கென்று ஒரு புத்தகம் இருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறவருக்கு அங்கே ஓர் இடம் உண்டா?

நல்ல தொடக்கம் இருந்தது

நம் மாநிலத்தில் நூலக இயக்கத்தின் தொடக்கம் பெருமைக்குரியது. 1931-ல் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு காரியம் செய்தார். புத்தகத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நெல் மூட்டையும் எருவும் ஏற்றிப் போன தஞ்சைத் தரணியின் பாதையில் அந்த ஆண்டு புத்தக வண்டி போயிற்று. ஜனங்கள் நூலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல் நூலகமே ஜனங்களைத் தேடிப் போன சம்பவம் அது. அதே 1931-ல், சீர்காழியில் பிறந்த நூலகத் துறை மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் தம்முடைய ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. படித்தவர், படியாதவர், பணக்காரர், ஏழை என்று அந்த விதி யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ரங்கநாதனும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. நாம் கட்டுகிற நூலக வரி அந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. இன்று பொது நூலகத் துறையின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் உள்ளன. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழும்பின. மாளிகை போன்ற கட்டிடங்கள். அவற்றை நாம் குறை சொல்லவில்லை. அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால், கிராமத்துக்கு வாருங்கள். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளைத் தொட்ட திட்டம் அது. நல்ல திட்டம். பின்னர் என்ன ஆயிற்று? பல ஊர்களில் கதவில் துருப்பிடித்த பூட்டு. அலமாரியில் கரையான். புத்தகம் இருந்த அறையில் பஞ்சாயத்தின் தட்டுமுட்டுச் சாமான். பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவருக்குக் கொடுத்த சொற்ப மதிப்பூதியத்தில் அவர் குடும்பத்தை நடத்துவாரா, நூலகத்தை நடத்துவாரா? சில ஊர்களில் அண்மையில் புதுப்பித்திருக்கிறார்கள். மற்ற ஊர்கள் காத்திருக்கின்றன.

கட்டிடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். நாள்தோறும் கதவைத் திறப்பதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆளவந்தார்களின் அக்கறை எங்கே நின்றுபோகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நேரம் இல்லாதவனுக்கு நூலகமா?

கதவு திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு நமக்கு நேரம் இருக்கிறதா?

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி என்று ஓர் எஃகு முதலாளி இருந்தார். உலகெங்கும் இரண்டாயிரத்து ஐநூறுக்கு மேல் நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தவர் அவர். அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-ல் தொழிலாளர்கள் கூலி வெட்டை எதிர்த்து நின்றார்கள். கம்பெனி ஆலைக் கதவுகளை அடைத்தது. கூலிக்குப் பிடித்த துப்பாக்கிக் காவலர்களைப் படகில் கொண்டுவந்து இறக்க முயன்றது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சங்கம் உடைக்கப்பட்டது. ஆறு ஆண்டு கழித்து, 1898-ல், அதே ஊரின் பக்கத்தில் கார்னகியின் பெயரால் அழகான நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்து எஃகுத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அப்போது நாளொன்றுக்கு 12 மணி நேரம் உலைக்களத்தில் வெந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க எஃகுத் தொழிலில் 12 மணி நேர வேலை ஒழிய 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நெருப்பின் முன்னால் நின்றவன் வீடு திரும்பிப் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து தெரியுமா, தூக்கம் தெரியுமா?

இது நமக்குப் பழங்கதையல்ல. நம் ஆலைகளில் ஷிப்டு முடிந்தும் ஆள் வரவில்லை என்று நிறுத்திவைக்கிறார்கள். ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் வெளிவாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. விடிவதற்கு முன் நடவுக்குப் போகும் பெண், அந்தி சாய வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமும் வாசிப்புக்கான போராட்டமும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள். ஓய்வு நேரத்தைப் பறிகொடுத்தவனுக்கு நூலகம் சுவரில் மாட்டிய படம் மாதிரி. பார்க்கலாம், உள்ளே போக முடியாது.

காது வழியே வந்த கல்வி

ஆனாலும் தொழிலாளி வர்க்கம் நேரம் கிடைக்கட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே காதால் படித்தது.

கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ல் ஒரு வழக்கம் தொடங்கியது. சுருட்டுச் சுற்றுவோர் வரிசை வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். நடுவில் ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து உரத்த குரலில் வாசிப்பார். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். அவருக்குச் சம்பளம் முதலாளி தரவில்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் உலகத்தின் பெரிய நாவல்களைக் காதால் கேட்டு மனத்தில் நிறுத்தினார்கள். ஒரு பாத்திரம் செய்தது சரியா தவறா என்று வேலை முடிந்து போகும்போது வழக்காடினார்கள்.

முதலாளிகளும் ஸ்பானிய ஆட்சியும் இதைக் கண்டு சும்மா இருந்தார்களா? ஒரு வருஷம்கூட முழுதாகப் போகவில்லை. 1866-ல் ஆட்சியாளர் தடையுத்தரவு போட்டார்: தொழிற்சாலையில் புத்தகமோ பத்திரிகையோ வாசிக்கக் கூடாது! புத்தகத்தின் பலம் என்ன என்று அறிய விரும்புகிறவர்கள், அதைத் தடை செய்தவர்களின் பயத்தைப் பார்த்தால் போதும். தடை வந்தது, போனது. வாசிப்பு மீண்டும் எழுந்தது. கடல் தாண்டி அமெரிக்காவின் டாம்பா நகருக்குப் பிழைக்கப் போன சுருட்டுத் தொழிலாளர்கள் அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். 1931-ல் அங்கே முதலாளிகள் வாசிப்பாளர்களை வெளியேற்றியபோது தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கியூபாவில் அந்த வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்திலேயே, கேரளத்தின் கண்ணூரில், பீடித் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. ஒரு மணி நேரம் சுற்றாவிட்டால் ஒரு மணி நேரக் கூலி போச்சு. அப்படியானால் வாசிக்கிறவர் கதி? அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கூலி வாங்கும் கை, தன் தோழனுடைய குரலுக்காகக் கூடுதலாக உழைத்தது. அந்தப் பட்டறைகளில் வளர்ந்தவர்கள்தான் பின்னாளில், முதலாளிகள் கம்பெனியை மூடிவிட்டுப் போனபோது, 1969-ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தைக் கட்டி எழுப்பினார்கள். கூடிப் படித்தவர்களுக்குக் கூடி நிர்வாகம் செய்யவும் தெரிந்திருந்தது.

நம்மிடம் என்ன இருந்தது? என்ன போயிற்று?

தமிழ்நாட்டிலும் கூட்டு வாசிப்பு இருந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். தெருமுனைப் படிப்பகத்திலும் சலூனிலும் கேட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் உடைக்கும் பெண்களும் வயற்காட்டுப் பெண்களும் இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். கற்ற எழுத்து அவர்களைக் கூலிக் கணக்குக் கேட்க வைத்தது. மனு எழுத வைத்தது.

எழுத்து கற்பதோடு வேலை முடிந்துவிடுமா? விதைத்த நிலத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். இயக்கத்தின் வேகம் தணிந்த பிறகு, புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்குத் தொடர்ந்து படிக்கப் புத்தகமும், கூடி உட்கார இடமும் தேவைப்பட்டன. அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியது ஊர் நூலகம். அதன் கதவு பூட்டியிருந்த ஊர்களில் கற்ற எழுத்து மறந்தது. கையெழுத்துப் போடக் கற்ற பெண் திரும்பவும் கைநாட்டு வைக்கும் கொடுமைக்கு யார் பொறுப்பு?

வேலை நடக்கும் முறையும் மாறிவிட்டது. நம் மாநிலத்தின் பீடித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவரவர் வீட்டில் தனித்தனியே முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறார்கள். வேலை வீட்டுக்குள் சிதறியபோது, சேர்ந்து கேட்ட காதுகளும் சிதறின. பஞ்சாலையிலோ எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆக, வேலைத்தலத்தில் வாசிக்க வழியில்லை. கூடி வாசிக்க நமக்கு மிச்சமிருக்கும் பொது இடம் நூலகம் ஒன்றுதான். அதனால்தான் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்கிறோம்.

கூடிப் படித்தால் என்ன நடக்கும்?

புத்தக விவாதம் என்றால் கண்ணாடி போட்ட பண்டிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வேறு. நாம் சொல்வது எளிது. பத்துப் பேர் உட்காருங்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உரக்கப் படிக்கட்டும். புரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தட்டும். பிறகு பேசுங்கள்: இது நடக்கக் கூடியதா? நம் ஊரில் இப்படி நடந்ததா? அவன் வேறு என்ன செய்திருக்கலாம்?

திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. மருத்துவர் பி.எச். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்திருக்கிறது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது. இவற்றைத் தனியே படித்து அழுகிற ஒரு வாசகரைவிட, சேர்ந்து கேட்கிற பத்துத் தொழிலாளர்கள் அதிகம் கண்டுபிடிப்பார்கள். சுண்ணாம்புக் குழியில் கால் வெந்தவருக்குப் புத்தகம் சொல்லாமல் விட்டதும் தெரியும். அவர் வாய் திறந்தால் மற்றவர்களுக்கு அதுவே ஒரு பாடம்.

நாவல் மட்டுமா? சம்பளச் சீட்டைப் படிக்கலாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் படிக்கலாம். குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைப் படிக்கலாம். பூச்சி மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கலாம். தன் கூலியில் எது பிடிக்கப்பட்டது என்று படித்தறிந்தவரை ஏமாற்றுவது சுலபமல்ல. அதைப் பத்துப் பேராகச் சேர்ந்து படித்தறிந்தவர்களை ஏமாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். புத்தகத்தைப் பற்றிப் பத்துப் பேர் நடுவே பேசிப் பழகியவர், அதிகாரி முன்னாலும் பேசுவார். தலைவர் பேச மற்றவர்கள் கைதட்டும் சங்கத்தைவிட, எல்லோரும் பேசத் தெரிந்த சங்கம் பலமானது.

"இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. நூலகம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. செல்போன் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேசுகிறது. அதில் முதலில் எது வரவேண்டும் என்பதை யாரோ கம்பெனிக்காரன் தீர்மானிக்கிறான். பொய்யும் அதில் வருகிறது. சாதி வெறியைத் தூண்டும் விஷமும் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து "இது உண்மையா?" என்று கேட்க ஆள் இல்லாதபோது பொய் சுலபமாக இறங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம்தான் வாசகர் வட்டம்.

நிர்வாகம் வாசகர்களிடம் வரட்டும்

கேரளத்தில் 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூரில் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்து நூலகம் கட்டினார்கள். 1975-ல் யுனெஸ்கோவின் க்ரூப்ஸ்காயா விருது அந்த இயக்கத்துக்குக் கிடைத்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாள். அங்கே ஊர் நூலகத்தை நடத்துவது அதன் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. சர்க்கார் மானியம் தருகிறது. தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும் கவுன்சிலும் தேர்தல் மூலம் அமைகிறது. ஜனங்கள் நடத்துவதால் ஜனங்கள் பாதுகாக்கிறார்கள்.

நம் நூலகங்களிலும் வாசகர் வட்டம் உண்டு. நல்ல நூலகர்கள் உள்ள இடங்களில் அது உயிரோட்டமாக நடக்கிறது. சொந்தப் பணத்தைப் போட்டுக் கூட்டம் நடத்தும் நூலகர்களை நாம் வணங்குகிறோம். ஆனால், ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தை நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் மாற்றலாகிப் போனதும் விழுந்துவிடும். அதற்கு உரிமையின் அஸ்திவாரம் வேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

உள்ளாட்சிகள் நம்மிடம் வசூலித்த நூலக வரியைக் காலதாமதமின்றி நூலகங்களுக்குச் சேர்க்க வேண்டும். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒவ்வொரு நூலகத்தின் வாசலிலும் எழுதிப் போட வேண்டும். ஷிப்டு விட்டும் வயலிலிருந்து திரும்பியும் வருகிறவர்கள் போகத்தக்கபடி மாலையிலும், இரவு ஒன்பது மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் நூலகம் திறந்திருக்க வேண்டும். ஊர்ப்புற, பகுதி நேர நூலகப் பணியாளர்களுக்கு வேலை நிரந்தரமும் முழுச் சம்பளமும் வேண்டும். அரைப் பட்டினி நூலகரைக் கொண்டு அறிவை வளர்க்க முடியாது. வாரம் ஒரு மாலை உரத்த வாசிப்புக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். வாசகர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டிக்குப் புத்தகம் தேர்வு செய்வதில் பங்கு வேண்டும். ஆலை விடுதிகளுக்குள் பொது நூலகத்தின் புத்தகப் பெட்டி போக வேண்டும். விடுதிப் பெண்கள் நூலகத்துக்கு வரத் தடை இருக்கக் கூடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு தோள் சேர்ந்து உழைக்கும் தோழர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் ஓர் அலமாரி வேண்டும். ஊர்த்தெருவில் உள்ள நூலகத்துக்குள் காலனி ஜனங்கள் தயங்கித் தயங்கி நுழையும் நிலை ஒழிய வேண்டும். இரு தெருவாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைக் கேட்கும் நாளே அந்த ஊரின் திருநாள்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஆலைச் சங்கக் கிளையும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் ஊர் நூலகம் ஒன்றைப் பொறுப்பெடுக்கட்டும். அங்கத்தினர் அனைவரும் நூலக உறுப்பினராகட்டும். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வரி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போய்க் கேளுங்கள். திறந்திருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். பெண்கள் வரத் தோதான நேரத்தைப் பெண்களே முடிவு செய்யட்டும். அந்த நேரத்தில் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளி முடித்த நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். பெரியவர்கள் கேட்டுத் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும். கண்ணூர்த் தோழர்கள் வாசிக்கிறவரின் பீடியைச் சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் வாசிக்க வருகிற பெண்ணின் குழந்தையை ஒருவர் தூக்கி வைத்துக்கொண்டால் போதும்.

நூலக வரி கட்டியாகிவிட்டது. புத்தகமும் வாங்கியாகிவிட்டது. பூட்டைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேராகக் கிளம்புங்கள், தோழர்களே!